கெத்லேயும் கணக்கில் வராத குற்றங்களும்



உங்கள் வீட்டில் யாராவது சமீபத்தில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொண்டிருந்தால் அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே உயரம், எடை, அவற்றுக்குக் கீழே பி.எம்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எழுதிக்கொண்டு, உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்தால் அந்த எண் வரும். அது 25-ஐத் தாண்டிவிட்டால் டாக்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு நம்மைப் பார்ப்பார். பி.எம்.ஐ. என்ற பெயர் 1972-ல் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்கர் வைத்தது. கணக்கு அதற்கு நூற்று நாற்பது ஆண்டுகள் முந்தியது. அதைக் கண்டு சொன்னவர் டாக்டர் அல்ல. பெல்ஜியத்தில் நட்சத்திரங்களைப் பார்ப்பதற்காகச் சம்பளம் வாங்கியவர். பெயர் அடால்ஃப் கெத்லே.

இந்த இதழில் அவரைப் பற்றி எழுத நினைத்தது எடைக்காக அல்ல. மனிதர்களின் உயரத்தையும் எடையையும் எண்ணிய அதே கையால் அவர் திருட்டையும் கொலையையும் எண்ணினார். எண்ணும்போதே, இந்த எண் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்ற கேள்வியையும் எழுதிவைத்தார். எந்த நகரம் பாதுகாப்பானது, எந்த மாநிலத்தில் குற்றம் அதிகம் என்று நம் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வருகிறது. வந்த அன்று நம் வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஆரம்பிக்கும் சண்டை இரவு வரை ஓய்வதில்லை. அடுத்த முறை அந்தப் பட்டியல் வரும்போது இந்த மனிதரை நீங்கள் நினைத்துக்கொண்டால் நல்லது என்று பட்டது.

கெத்லே பிறந்தது 1796 பிப்ரவரி 22-ஆம் தேதி, கெண்ட் நகரத்தில். அப்போது அந்த ஊர் பிரான்சின் பிடியில் இருந்தது. அவருக்கு 19 வயதாகும்போது நெதர்லாந்து மன்னரின் கீழ் வந்தது. 34 வயதாகும்போது புரட்சி வெடித்து பெல்ஜியம் என்ற தனி நாடு பிறந்தது. சொந்த ஊரைச் சுற்றியே வாழ்ந்தவர் மூன்று அரசாங்கங்களுக்குக் குடிமகனாக இருந்துவிட்டார். நாடு மாறினால் சட்டம் மாறும், கோர்ட் மாறும், கணக்கும் மாறும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயமாக இருக்கவில்லை.

ஏழு வயதில் தந்தையை இழந்தார். பதினேழு வயதில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலைக்குப் போனார். ஆசை என்னவோ கலையில். படம் வரைந்தார், கவிதை எழுதினார், நண்பர் டாண்டலினுடன் சேர்ந்து ஓபராவுக்குப் பாட்டுக்கதைகூட எழுதினார். ஆனால் கணக்கு அவரை விடவில்லை. கெண்டில் புதிதாகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் 1819-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்த முதல் டாக்டர் பட்டமே அதுதான். பிறகு பிரஸ்ஸல்ஸில் வேலை, அடுத்த ஆண்டே அங்குள்ள அகாதெமியில் உறுப்பினர் பதவி என்று மேலே ஏறினார்.

பிரஸ்ஸல்ஸில் வானிலை ஆய்வுக்கும் வானியலுக்கும் ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும் என்று அரசிடம் விடாமல் கேட்டார். தொலைநோக்கி வேலை கற்றுக்கொண்டு வாருங்கள் என்று 1823-ல் அவரைப் பாரிசுக்கு அனுப்பினார்கள். போனது நட்சத்திரத்துக்காக, கற்றுக்கொண்டு வந்ததில் பாதி வேறு விஷயம். அங்கே லாப்லாஸ், பூரியே போன்ற பெரிய கணித மேதைகளின் பழக்கம் கிடைத்தது. நிகழ்தகவுக் கணக்கு பிடிபட்டது. ஒரே நட்சத்திரத்தின் இடத்தை நூறு முறை அளந்தால் நூறும் ஒன்றாக இருக்காது. ஆனால் நூறையும் வரிசைப்படுத்தினால் நடுவில் கூட்டமாகவும் இரண்டு ஓரங்களில் கொஞ்சமாகவும் ஓர் ஒழுங்கில் விழும். இது வானியலார்கள் அறிந்ததுதான். மனிதர்களை அளந்தாலும் இந்த ஒழுங்கு வருமா என்று பார்க்கத் தோன்றியதுதான் கெத்லேயின் தனிச்சிறப்பு.

வந்தது. ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் 5,738 பேரின் மார்பளவை எடுத்துப் போட்டுப் பார்த்தார், அதே ஒழுங்கு. அடுத்து, பிரான்சில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது ஒரு லட்சம் இளைஞர்களின் உயரத்தை அளந்த கணக்கைப் பார்த்தார். அதில் ஓர் இடம் உறுத்தியது. 1 மீட்டர் 57 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களை ராணுவத்தில் சேர்க்க மாட்டார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டியதைவிட இரண்டாயிரத்துக்கும் அதிகமான பேர் இருந்தார்கள். கோட்டுக்குச் சற்று மேலே ஏறத்தாழ அதே அளவு ஆள் குறைந்தது. பட்டாளத்துக்குப் போகாமல் தப்பிக்க முழங்காலை மடக்கி நின்றவர்களும், அளந்தவரைக் கவனித்துக்கொண்டவர்களும் அந்த இரண்டாயிரம் பேர். யாரையும் நேரில் பார்க்காமல், மேஜையில் உட்கார்ந்தபடியே, அளவெடுத்த இடத்தில் நடந்த தில்லுமுல்லைக் கண்டுபிடித்துவிட்டார்.

வங்கியில் பேரேடு எழுதிக் காலம் கழித்த எனக்கு கெத்லேயிடம் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஓர் எண் தப்பாக இருந்தால், அந்தத் தப்பும் எதையோ சொல்கிறது. எண்ணப்பட்டவரைப் பற்றி மட்டும் அல்ல, எண்ணியவரைப் பற்றியும்.

இனி குற்றத்துக்கு வருகிறேன்.

1827-ல் பிரெஞ்சு அரசு ஒரு புதுமையான காரியம் செய்தது. நாடு முழுவதும் உள்ள குற்றவியல் கோர்ட்டுகளின் கணக்கை ஒரே பேரேடாகத் தொகுத்து அச்சிட்டது. எத்தனை பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது, எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள், ஆணா பெண்ணா, வயது என்ன, எழுதப் படிக்கத் தெரியுமா, எந்த மாவட்டம் என்று எல்லாமே அந்தத் தொகுப்பு வரிசையில் இடம்பெற்றன. அதன் பிறகு ஆண்டுதோறும் ஒன்று வெளிவந்தது. ஒரு தேசம் முழுமைக்கும் இப்படி ஒழுங்காக வெளியான முதல் குற்றக் கணக்கு இதுதான் என்று சொல்வார்கள். பிரஸ்ஸல்ஸில் இருந்த கெத்லே அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய ஆய்வுக்கூடம் அப்போது பாதிக் கட்டடமாக நின்றுகொண்டிருந்தது. 1830 புரட்சியில் அதையே கோட்டையாக்கிச் சண்டை போட்டார்கள் என்பது தனிக்கதை.

அவர் பார்த்ததை நீங்களும் பாருங்கள். பிரான்சில் கடுங்குற்றங்களுக்காக ஜூரி கோர்ட்டில் நிறுத்தப்பட்டவர்கள் 1826-ல் 6,988 பேர். 1827-ல் 6,929. 1828-ல் 7,396. 1829-ல் 7,373. இவர்களில் தண்டனை பெற்றவர்கள் முதல் ஆண்டில் நூற்றுக்கு 62, மற்ற மூன்று ஆண்டுகளிலும் நூற்றுக்கு 61. கொலைகளை எடுத்தால் ஆண்டுக்கு இருநூற்று முப்பது, இருநூற்று நாற்பது என்றே ஓடுகிறது. துப்பாக்கியால் எத்தனை, கத்தியால் எத்தனை என்று பிரித்தாலும் பெரிய மாற்றம் இல்லை. கொலைகாரர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஜூரியில் உட்கார்ந்தவர்களும் ஒவ்வொரு வழக்குக்கும் வேறு வேறு ஆட்கள். ஆனாலும் ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால் கணக்கு அநேகமாக அதே இடத்தில் வந்து நிற்கிறது.

இதைக் கண்டு கெத்லே ஆடிப்போனார். சிறைக்கும் தூக்குமேடைக்கும் ஒரு சமூகம் ஆண்டுதோறும் ஒரு பட்ஜெட் கட்டுகிறது, அரசுக்குக் கட்ட வேண்டிய வரியைவிட அது ஒழுங்காகக் கட்டப்படுகிறது என்ற பொருளில் எழுதினார். 1831-ல் வயதுவாரியாகக் குற்ற நாட்டத்தைப் பற்றி ஒரு நூல், 1835-ல் மனிதனைப் பற்றிய பெரிய நூல். இருபத்தைந்து வயதை ஒட்டி நாட்டம் உச்சத்தில் இருக்கிறது என்றார். கோடையில் ஆட்கள் மீதான தாக்குதலும் குளிர்காலத்தில் திருட்டும் கூடுகின்றன என்றார். அப்படியானால் மனிதனுக்குச் சுய விருப்பம் என்று ஒன்று கிடையாதா என்று பலர் அவர் மேல் பாய்ந்தார்கள். குற்றத்துக்கான காரணங்கள் சமூகத்தில் இருக்கின்றன, காரணங்களை மாற்ற முடியும், மாற்றினால் பட்ஜெட்டும் குறையும் என்பது அவருடைய பதில். பிரான்சில் கெர்ரி என்ற வக்கீலும் அதே நேரத்தில் அதே பேரேடுகளை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். யார் முந்தி என்பதில் இருவருக்கும் மனக்கசப்பு உண்டு. அதற்குள் நாம் போக வேண்டாம்.

நமக்கு வேண்டிய விஷயம், இந்த எண்களை வியந்துகொண்டே அவர் எழுப்பிய சந்தேகம். கோர்ட்டுக்கு வந்த குற்றம் வேறு, நடந்த குற்றம் வேறு. நடந்தவை மொத்தம் எத்தனை என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் இடையே ஒரு விகிதம் இருக்க வேண்டும். அந்த விகிதம் எதனால் கூடும், எதனால் குறையும் என்று அவரே சொல்கிறார். குற்றம் எவ்வளவு கடுமையானது என்பது ஒன்று. குற்றவாளியைத் தேடிப் பிடிப்பதில் போலீசும் கோர்ட்டும் எவ்வளவு சுறுசுறுப்பு என்பது இன்னொன்று. குற்றம் செய்தவன் எவ்வளவு கவனமாக மறைக்கிறான் என்பதும் உண்டு. பறிகொடுத்தவர் புகார் சொல்லத் தயங்குவதும், தான் பறிகொடுத்ததே அவருக்குத் தெரியாமல் போவதும் உண்டு. கொலையை மறைப்பது கடினம். உடல் கிடைத்துவிடும், ஆளைக் காணோம் என்று நாலு பேர் தேடுவார்கள். ஆகையால் கொலையில் நடந்ததும் கணக்கில் வந்ததும் ஏறத்தாழ ஒன்று. சின்னத் திருட்டில் அப்படி அல்ல.

கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது இது. இன்றைக்கும் நாடுகளை ஒப்பிடுகிற ஐ.நா. அலுவலகம் முதலில் எடுப்பது கொலைக் கணக்கைத்தான். காரணமும் அவர் சொன்ன அதே காரணம்தான்.

நாட்டுக்கு நாடு என்ன ஆகும் என்பதையும் அவர் பார்த்தார். பிரான்சில் நூறு பேர் மீது குற்றம் சாட்டினால் 61 பேருக்குத் தண்டனை. பக்கத்திலேயே பெல்ஜியத்தில், அதே நெப்போலியன் காலத்துச் சட்டம் நடக்கிற இடத்தில், நூற்றுக்கு 84 பேருக்கு. எல்லையைத் தாண்டினால் மனிதர்கள் கெட்டவர்களாகிவிட்டார்களா? அப்படி இல்லை. பிரான்சில் ஜூரி உட்கார்ந்தார்கள். பெல்ஜியத்தில் நெதர்லாந்து ஆட்சி ஜூரியை எடுத்துவிட்டிருந்தது, நீதிபதிகளே தீர்ப்பு சொன்னார்கள். கடைக்காரரும் விவசாயியுமாக ஜூரியில் உட்கார்ந்தவர்கள், சின்னக் குற்றத்துக்குப் பெரிய தண்டனை என்றால் மனசு இறங்கி விட்டுவிடுவார்கள். நீதிபதி விடமாட்டார். 1831-ல் பெல்ஜியத்தில் ஜூரி திரும்பி வந்ததும் விடுதலை ஆகிறவர்கள் கூடிவிட்டார்கள். பிரான்சிலும் 1832-ல் சட்டத்தைத் திருத்தி, தண்டனையைக் குறைக்கும் காரணங்கள் இருந்தால் சொல்ல ஜூரிக்கு அதிகாரம் கொடுத்தார்கள். பிறகு ஜூரிகள் தைரியமாகக் குற்றவாளி என்று சொல்ல ஆரம்பித்தார்கள், தண்டனை விகிதம் ஏறியது. திருடர்கள் அப்படியேதான் இருந்தார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்தில் கதை இன்னும் வேடிக்கை. அங்கே ஒருவர் வீட்டில் திருட்டுப் போனால், பறிகொடுத்தவரேதான் வழக்குப் போட வேண்டும். காகிதச் செலவு, சாட்சிகளைக் கூட்டி வருகிற செலவு, நாலைந்து நாள் பிழைப்பு நட்டம் எல்லாம் அவருடையது. பத்து ஷில்லிங் பொருளுக்கு யார் இவ்வளவு செலவு செய்வார்கள்? பேசாமல் விட்டுவிடுவார்கள். 1826-ல் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் ஒரு சட்டம் கொண்டுவந்து, வழக்குப் போடுகிறவருக்கும் சாட்சிக்கும் செலவுத் தொகை கிடைப்பதை விரிவாக்கினார். கோர்ட்டுக்கு வந்த வழக்குகள் அந்தக் காலத்தில் கூடியதில் இதற்கும் பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். லண்டனில் குற்றம் பெருகிவிட்டது என்று அதே பீல் கூடிப்போன எண்களைக் காட்டிப் பேசி, 1829-ல் லண்டன் மாநகரப் போலீஸை உருவாக்கினார். போலீஸ் வந்தது நல்ல காரியம்தான். ஆனால் புகார் கொடுக்கும் செலவு குறைந்ததால் கூடிய எண்ணையும் உண்மையிலேயே கூடிய குற்றத்தையும் பிரித்துப் பார்க்க அன்று யாருக்கும் பொறுமை இருந்ததாகத் தெரியவில்லை.

ஜெனீவாவில் அல்போன்ஸ் து காந்தோல் என்ற தாவரவியல் அறிஞர் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இதே எச்சரிக்கையை எழுதினார். வழக்குகள் கூடினால் போலீஸ் நன்றாக வேலை செய்கிறது என்றும் பொருளாகலாம் என்றார். செடி கொடிகளை ஆராய்ந்தவருக்கும் நட்சத்திரம் பார்த்தவருக்கும் இது புரிந்திருக்கிறது.

இங்கே கெத்லே மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. விகிதம் மாறும் என்று எழுதியவர், அடுத்த பக்கத்திலேயே, காரணங்கள் மாறாத வரை விகிதமும் மாறாது என்று வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுக் கணக்கைத் தொடர்ந்தார். வைத்துக்கொள்ளாவிட்டால் அவரால் மேலே ஓர் அடிகூட எடுத்து வைத்திருக்க முடியாது, அதுவும் உண்மை. பிரான்சில் நாலு ஆண்டுகள் போலீசும் சட்டமும் பெரிதாக மாறாமல் இருந்ததால் அவருக்கு அது ஒத்துவந்தது. பின்னால் வந்தவர்கள் செய்ததுதான் தப்பு. அவர் போட்ட நிபந்தனையை விட்டுவிட்டு, அவர் போட்ட அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இந்த நாடு முதலிடம், அந்த நாடு கடைசியிடம் என்று வரிசைப்படுத்தினார்கள். இன்றும் நாம் அதைத்தான் செய்கிறோம்.

நிபந்தனையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தே மறுபடியும் உதாரணம். அங்கே 2014-ல் போலீஸ் நிலையங்களைத் தணிக்கை செய்த அமைப்பு, பதிய வேண்டிய குற்றங்களில் நூற்றுக்கு 19 பதியப்படவே இல்லை என்று கண்டுபிடித்தது. ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கும் மேல். குற்றத்தைக் குறைத்துக் காட்டினால்தான் மேலதிகாரியிடம் நல்ல பெயர் என்ற நெருக்கடி ஒரு காரணம், அலட்சியம் இன்னொரு காரணம். அதே ஆண்டு ஜனவரியில் போலீஸ் குற்றக் கணக்குக்கு இருந்த தேசியப் புள்ளிவிவரம் என்ற முத்திரையையே எடுத்துவிட்டார்கள். பிறகு ஒழுங்காகப் பதியத் தொடங்கினார்கள், வன்முறைக் குற்றங்கள் மளமளவென்று ஏறின. நல்ல வேளையாக அங்கே வேறொரு கணக்கும் இருந்தது. 1982 முதல் வீடு வீடாகப் போய், போன ஆண்டு உங்களுக்கு என்ன நடந்தது, போலீசில் சொன்னீர்களா என்று கேட்கும் சர்வே அது. போலீஸ் கணக்கு காட்டிய அந்த ஏற்றத்தை சர்வே காட்டவில்லை. ஏறியதில் பெரும்பங்கு பதிவு, குற்றம் அல்ல என்று அதனால்தான் தெரிந்தது. கெத்லே காலத்தில் இப்படி ஒரு சர்வே இருந்திருந்தால் எப்படி மகிழ்ந்திருப்பார்!

நம் நாட்டுக் கணக்கை எடுத்தால், இந்தியாவில் குற்றங்கள் என்ற தேசியத் தொகுப்பு 1953 முதல் வருகிறது. அதில் ஒரு விதி உண்டு. ஒரே எஃப்.ஐ.ஆரில் கொலை, கொள்ளை, அத்துமீறி நுழைதல் என்று மூன்று குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையான ஒன்று மட்டுமே எண்ணப்படும். ஸ்வீடனில் முறை நேர் எதிர். ஒரே ஆள் ஒரே பெண்ணுக்குப் பல முறை இழைத்த பாலியல் வன்கொடுமையை ஒவ்வொன்றாகத் தனித்தனியே எண்ணுவார்கள். 2005-ல் அந்தக் குற்றத்தின் சட்ட வரையறையையும் விரிவாக்கினார்கள். இரண்டு நாட்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, அங்கே பெண்களுக்குப் பாதுகாப்பே இல்லை என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பினால் என்ன சொல்வது? நம் தேசியத் தொகுப்பே முன்னுரையில் எச்சரிக்கிறது: குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் வேறு வேறு என்று. பட்டியல் போடும் பத்திரிகைகள் முன்னுரையைப் படிப்பதில்லை.

நம் ஊர் நடைமுறையும் உங்களுக்குத் தெரியும். செயினோ போனோ போய்விட்டது என்று ஸ்டேஷனுக்குப் போனால் முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் அது தேசியக் கணக்குக்குப் போகும். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. டெல்லியில் வாகனத் திருட்டுப் புகாரை வீட்டிலிருந்தே ஆன்லைனில் பதிய வசதி செய்தார்கள். பட்டியலில் டெல்லியின் திருட்டு எண்ணிக்கையைப் பார்த்து மூக்கில் விரல் வைக்கும்போது இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். எங்கே கதவு திறந்திருக்கிறதோ அங்கே புகார் அதிகம் வரும். எல்லாப் புகாரையும் பதிகிற இன்ஸ்பெக்டர் ஒருவர், எதையும் பதியாமல் பேசி அனுப்புகிற இன்ஸ்பெக்டர் இன்னொருவர் என்றால், ஆண்டு முடிவில் மெமோ வாங்குவது யார் என்று நினைக்கிறீர்கள்?

வங்கியிலும் இதே கதைதான். தணிக்கை கடுமையாக நடந்த ஆண்டில்தான் ஒரு கிளையில் பிழைகள் மிக அதிகமாகத் தெரியும். அந்த ஆண்டுதான் அந்தக் கிளை மிகவும் மோசம் என்று மண்டல அலுவலகத்தில் முடிவு செய்தால், அடுத்த ஆண்டு பிழை இல்லாத அறிக்கை நிச்சயமாக வரும். பிழை குறைந்திருக்காது.

இப்போது நம் வளாகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அடுத்த பொதுக்குழுவில் இது வரப்போகிறது. போன ஆண்டு வரை கேட் அறையில் இருந்த நோட்டில் விருந்தாளிகள் பெயரும் வண்டி எண்ணும்தான் எழுதினார்கள். சைக்கிள் காணோம், ஷூ காணோம், பார்க்கிங்கில் கண்ணாடி உடைந்தது என்பதையெல்லாம் நாம் லிஃப்டில் சந்திக்கும்போது பேசிக்கொள்வோம். புதிய செக்யூரிட்டி நிறுவனம் வந்ததும், மேற்பார்வையாளர் தனியாக ஒரு பதிவேடு போட்டு, சின்ன விஷயமானாலும் தேதி, நேரம், பிளாட் எண்ணுடன் எழுத ஆரம்பித்தார். அது பக்கம் பக்கமாக வளர்ந்திருக்கிறது. உடனே சிலர், இவர்கள் வந்த பிறகு திருட்டு பெருகிவிட்டது, நிறுவனத்தை மாற்றுங்கள் என்று சங்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள். மாற்றுவதா வேண்டாமா என்பதை நீங்கள் கூடி முடிவு செய்யுங்கள். ஆனால் பழைய நோட்டில் எதுவுமே எழுதப்படவில்லை என்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எழுதியதற்காகவே ஒருவருக்கு வேலை போனால் அடுத்து வருகிறவர் பேனாவைத் தொடமாட்டார். அப்போது பதிவேடு சுத்தமாக இருக்கும், சைக்கிள் மட்டும் இருக்காது.

கெத்லேயின் மீதிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1833-ல் இங்கிலாந்துக்குப் போய், மக்கள்தொகைக் கணக்கில் புகழ்பெற்ற மால்தஸ், கணக்கு இயந்திரம் செய்த பாபேஜ் ஆகியோருடன் உட்கார்ந்து பேசினார். அதன் விளைவாக மறு ஆண்டே லண்டனில் புள்ளிவிவரச் சங்கம் பிறந்தது. 1836-ல் சாக்ஸ்-கோபர்க் இளவரசர்கள் இருவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். இவர்களில் ஒருவர் ஆல்பர்ட், பிற்பாடு விக்டோரியா மகாராணியின் கணவர். 1841-ல் பெல்ஜியத்தின் மத்தியப் புள்ளிவிவரக் குழுவுக்குத் தலைவரானார். 1846-ல் அந்த நாட்டில் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மற்ற நாடுகளுக்கு முன்மாதிரியானது.

நாட்டுக்கு நாடு கணக்கு ஒத்துப்போகவில்லை என்ற உறுத்தல் அவரை விடவில்லை என்றே நினைக்கிறேன். 1853-ல் பல நாட்டுப் புள்ளிவிவர அதிகாரிகளை பிரஸ்ஸல்ஸுக்கு வரவழைத்து முதல் சர்வதேசப் புள்ளிவிவர மாநாட்டை நடத்தினார். பிறப்பு, இறப்பு, வியாபாரம், குற்றம் எதுவானாலும் எல்லா நாடும் ஒரே முறையில் எண்ண வேண்டும் என்பது நோக்கம். பிறப்பு இறப்பில் ஓரளவு நடந்தது. குற்றத்தில் இன்றுவரை நடக்கவில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் சட்டம், தன் போலீஸ்.

1855-ல் பக்கவாதம் தாக்கியது. நினைவாற்றல் முன்போல் இல்லை. மூன்று ஆண்டுகளில் மனைவியும் போய்விட்டார். மகன் எர்னஸ்ட் ஆய்வுக்கூட வேலைகளில் தோள் கொடுத்தார். இருந்தும் மாநாடுகளுக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. 1860-ல் லண்டன் மாநாட்டின்போது ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைச் சந்தித்தார். ஆஸ்பத்திரிச் சாவுகளைக் கணக்கெடுத்து ராணுவத்தையே திருத்திய அந்த அம்மையாருக்கு கெத்லே என்றால் குருபக்தி மாதிரி. அவர் அனுப்பிய நூலின் ஓரங்களில் குறிப்புகளாக எழுதித் தள்ளியிருக்கிறார். 1872-ல், 76 வயதில், ரயிலேறி ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை போய் மாநாட்டில் உட்கார்ந்துவிட்டு வந்தார் கெத்லே.

1874 பிப்ரவரி 17-ஆம் தேதி பிரஸ்ஸல்ஸில் காலமானார். 78 வயது நிறைய ஐந்து நாள் பாக்கி. ஆறு ஆண்டுகள் கழித்து அங்கே அகாதெமியின் முன் அவருக்குச் சிலை வைத்தார்கள்.